எங்க கடல் எங்களுக்கு

வடக்குக் கரை,
முந்தல் வழி.
தை 4

என் செல்லத் தங்கை லோஜினிக்கு,

அண்ணன் முருகேசு எழுதுவது. அம்மன் துணையில் இங்கே எல்லோரும் சுகம். அந்தப் பனிநாட்டில் நீயும் கைகால் விறைக்காமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அழைப்பிதழைத் தபாலில் போட்டால்தான் முறை என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள். ஓம், கலியாணம்! என் மகள் நிரூபாவுக்கு மாசி இருபதாம் திகதி. மாப்பிள்ளை தெற்குக் கரை அருள்குமரன். தெற்குக் கரையா என்று நீ வாயைப் பிளப்பது இங்கே தெரிகிறது. இந்தக் கலியாணம் நின்றுபோகப் பார்த்தது என்னால்தான். அதில் உனக்கும் கொஞ்சம் பங்குண்டு.

போன வருடம் ஒரு படம் அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியத்தோடு சேரும் பேச்சைத் தொடங்குவதா என்று ஐஸ்லாந்தில் வாக்கெடுப்பு வரப்போகிறது, அதற்கு எதிராக உன் மீன் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒட்டிய சுவரொட்டி இது என்று சொன்னாய். ஒரு பெரிய கை வலைக்குள் புகுந்து மீனை அள்ளுகிறது. கீழே எங்கள் கடல் எங்களுக்கே என்று எழுதியிருக்கிறதாம். அந்த நாட்டுப் பிரஜையான பிறகு நீ போடும் முதல் வாக்கு, அதை வேண்டாம் என்றே போடப்போவதாகவும் சொன்னாய்.

அப்போது இங்கேயும் ஒரு வாக்கெடுப்பு. வடக்குக் கரைச் சங்கமும் தெற்குக் கரைச் சங்கமும் ஒன்றாக வேண்டும், யார் எந்த நாள் கரைவலை போடுவது என்பதற்கு ஒரே பட்டியல், இரண்டு கரைக்கும் ஒரே ஐஸ் அறை என்று பேச்சு. சேர்ந்தால் தன் தலைமைக் கதிரை போய்விடும் என்று பயந்த எங்கள் சங்கத் தலைவர், என்னைக் கூப்பிட்டு ஓர் அம்பாப் பாட்டுக் கட்டச் சொன்னார். வலை இழுக்கும்போது பாட்டு எடுத்துக்கொடுப்பவன் நான்தானே. யாராவது புகழ்ந்தால் எனக்குத் தலைகால் புரியாது. உன் சுவரொட்டியை அப்படியே பாட்டாக்கினேன்:

எங்க கடல் எங்களுக்கு, ஏலேலோ
வந்தவன் வலை எதுக்கு, ஏலேலோ

சுவரொட்டி என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். அம்பாவை என்ன செய்வது? கயிற்றைப் பிடித்தவன் பாடித்தான் ஆகவேண்டும், பாடாவிட்டால் அடி பிசகும். காலையும் மாலையும் நாற்பது பேர் மூச்சு வாங்க இதையே பாடினார்கள். பட்டியல் என்ன, ஐஸ் அறை எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. தெற்குக் கரையில் பெண் எடுத்தவர்கள்கூட, அந்த ஆக்களை நம்பேலாது என்று கதைக்கத் தொடங்கினார்கள். சேர வேண்டாம் என்று கூட்டத்தில் எழுந்த கைகளைப் பார்த்துவிட்டுத் தலைவர் என்னைக் கட்டிப்பிடித்தார்.

மறுவாரம் நிரூபா வந்து, கட்டினால் அருள்குமரனைத்தான் கட்டுவேன் என்றாள். நல்ல பொடியன், எனக்கு மறுப்பில்லை. ஆள் அனுப்பிக் கேட்டேன். வந்தவன் வலை எதுக்கெண்டு பாடின மனுசனுக்கு என்ர பிள்ளை மட்டும் எதுக்காம் என்று அவன் தாய் பவளம் சொல்லியனுப்பினார். நிரூபா ஒன்றரை மாதம் என்னோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவாள். அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள் என்று கரையில் நின்று கெஞ்சினேன். நீங்கள்தானே கட்டினீங்கள் என்று சிரித்துக்கொண்டு இன்னும் உரக்கப் பாடினார்கள்.

மார்கழியில் ஒருநாள் காலை, எங்கள் வலையின் மடி முழுக்கச் சூடை மீன். நாற்பது பேர் இழுத்தும் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் மடி கிழிந்துவிடும். கூப்பிடு தூரத்தில் தெற்குக் கரையார் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றார்கள். எனக்கு என்ன வந்ததோ, பாடிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, அவர்கள் பக்கம் திரும்பி எடுத்தேன்:

தெற்குக் கரைக் கையும் வேணும், ஏலேலோ
சேர்ந்திழுத்தால் வலையும் ஏறும், ஏலேலோ

அம்பா எடுத்தால் பதில் கொடுக்காமல் நிற்க இந்தக் கடற்கரையில் எவனாலும் முடியாது. முதலில் ஓடிவந்தது அருள்குமரன். பிறகு எல்லோரும் வந்தார்கள். கடைசியில் பவளமே சேலையைச் செருகிக்கொண்டு வந்து, எனக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தார். வலை ஏறியதும் மூச்சு வாங்கிக்கொண்டே, பொம்பிளை பாக்க எப்ப வரட்டும் என்று கேட்டார். நான் மணலில் உட்கார்ந்து அழுதேனடி, சந்தோசத்தில்.

இப்போது சங்கத்தில் மறுபடி வாக்கெடுப்பு. காற்று மாறியதைக் கண்ட தலைவர், சேரச் சொல்லி நான் ஓர் அம்பா கட்டித் தரவேண்டுமாம்! முடியாது என்றுவிட்டேன். அதுவும் பாட்டுத்தானே. இந்த முறை நிரூபா சங்கங்கள் சேரும் ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாகக் கூட்டத்தில் வாசிக்கப்போகிறாள். கேட்டுவிட்டு அவரவர் கையை அவரவர் தூக்கட்டும்.

உன் நாட்டு விசயம் எனக்கு விளங்காது. ஓம் என்று போட்டாலும் வேண்டாம் என்று போட்டாலும் அது உன் வாக்கு. அந்தச் சுவரொட்டியை மட்டும் கொஞ்சம் மறந்துவிட்டு, சேர்ந்தால் என்ன வரும், சேராவிட்டால் என்ன வரும் என்பதை ஆறுதலாக, அவசரப்படாமல் வாசி. அந்தக் கடற்கரைக்கு நீயும் ஒருநாள் வந்தவள்தானே.

நீ போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. கலியாணத்துக்கு அடுத்தநாள் காலை எங்கள் வலைக்கு முறை, இரண்டு கரையும் சேர்ந்து இழுக்கப்போகிறோம். எனக்குப் பின்னால் இருப்பது என் தங்கையின் இடம், நீங்கள் முன்னால் பிடியுங்கள் என்று பவளத்திடம் சொல்லிவிட்டேன். அம்மன் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்தட்டும்.

கயிற்றோடு காத்திருக்கும் அண்ணன்,
முருகேசு