பர்சில் இருக்கிற உன் சீட்டு

இன்று காலை மறுபடியும் தொண்டைக்கட்டு. சித்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மாவிடம் போனேன். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டதும் பர்சைத் திறந்து உன் சீட்டை எடுத்து நீட்டினேன். நம் கம்பெனியில் டப்பாக்களுக்கு ஒட்டுவோமே, அந்த லேபிளின் பின்பக்கத்தில் நீ குண்டு குண்டாகத் தெலுங்கில் எழுதித் தந்தது. மடித்து மடித்து நடுவில் கிழிந்துபோய், டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். டாக்டரம்மா படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இன்றைக்கு உன்னோடு பேசியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

மாம்பழக்கூழ் கம்பெனியில் பதினோரு சீசன் சேர்ந்து வேலை பார்த்தோம். பெல்ட்டில் வருகிற தோத்தாபுரி மாங்காயில் அழுகலைப் பொறுக்கிப் போடுவது உன் வேலை. கூழின் இனிப்பை மீட்டரில் பார்த்து எழுதுவது என் வேலை. நான் காட்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். தெலுங்கு தண்ணீராகப் பேசுவேன், எழுத்து மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. நீ பங்காருபாளையம் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. "ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு படிச்சவ" என்று கேலி செய்வாய்.

என் அண்ணன் கதை உனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கும் ரத்தம் பார்த்து, திருப்பதி டாக்டர் கொழுப்பு மாத்திரை எழுதினார். நானும் ஒழுங்காகத்தான் சாப்பிட்டேன். ஆனால் வெளியே சொல்ல ஒரு கூச்சம். கொழுப்பு என்றால் நீங்களெல்லாம் என்னென்ன சொல்லிச் சிரிப்பீர்கள் என்று தெரியாதா எனக்கு.

அந்த வருடம் சீசன் முடிகிற சமயம் தொண்டையில் புண். பக்கத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் போனேன். வேறு மாத்திரை உண்டா என்று அவரும் கேட்டார். இல்லை என்று சொன்னேன். தொண்டைக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்த தப்பு.

தொண்டை மாத்திரை ஒரு வாரம் ஓடியது. அது முடிவதற்குள் நம் வழக்கப்படி பெல்ட்டுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அலிபிரி வழியாகத் திருமலைக்கு நடந்தோம். நீ குனிந்து குனிந்து படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு வந்தாய். நான் கையை வீசிக்கொண்டு முன்னால் போய், மேலே நின்று உன்னைக் கிண்டல் செய்தேன்.

இறங்கி வந்த பிறகு எனக்குத் தொடை வலி. படி ஏறினால் வலிக்காதா என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை. சாமியைப் பார்க்கப் போய் வந்த வலியைக் குறையாகச் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள், தலைக்கு மேல் இருந்த ஜாடியை எடுக்க முடியாமல் கையைப் பாதியில் இறக்கினேன். நீ பார்த்துவிட்டாய்.

"கை இன்னா ஆச்சு?"

"படி ஏறின வலிதான்."

"ஏறனது காலுதானே மே. படிக்குப் படி பொட்டு வச்சவ நானு, எனக்கே கை வலிக்கல. வீசிக்கினு வந்த உனக்கு ஏன் வலிக்குது?"

காம்புப் பக்கம் அமுக்கி மாங்காயைப் பார்க்கிற மாதிரியே என் தோளை அமுக்கிப் பார்த்தாய். நான் கத்தினேன். "ஒண்ணுக்கு எப்பிடிப் போவுது?" என்று கேட்டாய். இரண்டு நாளாகக் பால் விடாத டீ நிறத்தில் போகிறது என்பதை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன். நீ ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாய். சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த திருப்பதி பஸ்ஸில் இருந்தோம்.

இரண்டு மாத்திரையும் உடம்பில் ஒன்றுக்கொன்று சேராமல், கொழுப்பு மாத்திரை அளவுக்கு மீறித் தங்கித் தசையைக் கரைக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார் டாக்டர். நாலு நாள் சலைன் ஏற்றினார்கள். நாலு நாளும் நீ தரையில் படுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி இட்லியைத் திட்டிக்கொண்டே என் பங்கையும் சேர்த்துத் தின்றாய்.

வீட்டுக்கு வந்ததும் இனி அந்தச் சனியன் மாத்திரையைத் தொடமாட்டேன் என்றேன். இப்போதைக்கு நிறுத்துங்கள், உடம்பு தேறியதும் வாருங்கள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். நான் போவதாக இல்லை. உனக்கு அப்படிக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

"உங்க அண்ணன அதுக்குள்ள மறந்துட்டியா? நிறுத்தறதா வேணாமான்னு அவரு சொல்லட்டும். நீயா நிறுத்தறதுக்கு நீ யாரு?"

மறுபடி இழுத்துக்கொண்டு போனாய். ரத்தம் பார்த்து, வேறு வகையில் சின்ன அளவாக எழுதினார்கள். இன்றுவரை அதைத்தான் சாப்பிடுகிறேன். கையும் காலும் நன்றாக இருக்கின்றன, கொழுப்பும் அடங்கியிருக்கிறது. திரும்பி வருகிற பஸ்ஸில்தான் இந்தச் சீட்டை எழுதினாய். குலுங்கிய குலுங்கலில் மாத்திரைப் பெயரெல்லாம் கோணிக்கொண்டு போனது. "பல்லு வலின்னு போனாலும் இத்த காட்டு. நீ வாயே தொறக்க வேணாம்" என்று என் பர்சில் நீயே திணித்தாய்.

உனக்கு வந்தது மாத்திரைக்கு அடங்குகிற வியாதியாக இல்லை. அதைப் பேச வேண்டாம். பேசினால் எனக்குக் கோபம்தான் வரும்.

இப்போது சிரிப்புக்கு வருகிறேன். சீட்டில் மாத்திரைப் பெயரும் அளவும் மட்டும்தான் இருக்கிறது என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். மெடிக்கல் ஷாப்காரரும் அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். அவர் சுபாவம் என்று விட்டுவிட்டேன். டாக்டரம்மா, "மேல ஒரு வரி இருக்குதே, யாரு எழுதனது?" என்று கேட்டார். எனக்குத் தெலுங்கு படிக்க வராது என்றேன். வாசித்துக் காட்டினார்.

'இவங்களா எதுவும் சொல்ல மாட்டாங்க. நீங்கதான் ரெண்டு வாட்டி கேக்கணும். இவங்க எங்களுக்கு வேணும்.'

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது. டாக்டரம்மா சீட்டை மடித்து என் கையில் கொடுத்தார். பேனாவை எடுத்துக்கொண்டு, "சரி, ரெண்டாவது வாட்டி கேக்கறேன். வேற ஏதாவது சாப்படறீங்களா?" என்றார்.

ஃபோனில் விளம்பரம் பார்த்து வாங்கி, இரண்டு மாதமாக ஒருவருக்கும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்த கொழுப்புக் கரைக்கும் மூலிகை மாத்திரை டப்பாவைப் பையிலிருந்து எடுத்து அவர் மேஜை மேல் வைத்தேன்.