அப்பா கொடுத்த வாக்குமூலம்

லாபு,
புதன்கிழமை

அன்பு மகள் மிஷெலுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. பினாங்கில் நீ சுகமாக இருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீயும் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தவணைக்கு உன் நர்சிங் காலேஜில் கட்ட எங்களிடம் பணம் இல்லை. அப்பா மேல் கோபப்படாமல் முழுதும் படி.

நம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் வீரமுத்து மாமாவுக்கு மூன்று வாரத்துக்கு முன் விபத்து. எண்ணெய்க்கு வெட்டிய செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் டிராக்டர் கவிழ்ந்துவிட்டது. அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கூட வந்த அப்பா குதித்துத் தப்பினார். பிரேக் சரியில்லை என்று கண்ட்ராக்டர் சன்னாசியிடம் இருவரும் அதே வாரத்தில் இரண்டு முறை சொல்லியிருந்தார்களாம்.

விசாரணை என்றதும் சன்னாசி நம் வீட்டுக்கு வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். "அக்கா, வீரமுத்து குடிச்சிருந்தான்னு உங்க வீட்டுக்காரர் பெர்னார்ட் ஒரு வார்த்தை சொன்னா போதும்லா. அவன் குடிக்கிறவன்தானே?" என்று சொல்லி மேசைமேல் ஓர் உறையை வைத்தார். உள்ளே பணம், எட்டாயிரம் வெள்ளி. உன் கட்டணம் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

மிஷெல், நான் அதை வாங்கிக்கொண்டேன்.

அப்பாவை மெல்ல மெல்லப் பேசிச் சம்மதிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் அவரிடம் சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக்குப் போனபோது, அந்தப் பாவத்தோடு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அப்பா அதைக் கவனித்துவிட்டார். திரும்பி வரும்போது கேட்டார். சொன்னேன். மோட்டார் சைக்கிளை ரோட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டார்.

"அன்னைக்கு அவன் குடிக்கல. நான் பக்கத்துல இருந்தேன்" என்றார்.

நான் விடவில்லை. நீங்கள் நல்லவராக இருக்க என் பிள்ளை படிப்பை நிறுத்தவேண்டுமா என்று ரோட்டிலேயே கத்தினேன். அப்பா சத்தம் போடவில்லை. "நாளைக்கு மிஷெல் ஆஸ்பத்திரியில இந்த மாதிரி ஒருத்தனுக்குக் காயம் கட்டுவா. அதைப் படிக்கிறதுக்கு வீரமுத்து காலை வித்த காசைக் கட்டச் சொல்றியா?" என்று கேட்டார். வேலை போகும், அதுவும் தெரியும் என்றார். அவருக்கும் பயம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றே போய் என் கையாலேயே உறையைத் திருப்பிக் கொடுத்தேன். சன்னாசி தன் ஆட்களுக்கு முன்னால் சிரித்தார். "கோயிலுக்குப் போனா வயிறு நிறைஞ்சிடுமா? நீங்க இருக்கிற வீடு யாருதுன்னு ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

நேற்று சிரம்பான் தொழிலாளர் அலுவலகத்தில் அப்பா வாக்குமூலம் கொடுத்தார். பிரேக் கெட்டிருந்தது தெரிந்தும் தானும் ஏறியதையும் மறைக்கவில்லை. இன்று காலை வேலைக்குப் போனவரை உனக்கு இங்கே வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டுமாம். அப்பா பகாவ் பக்கம் வேலை தேடப் போயிருக்கிறார்.

வீரமுத்து மாமாவின் மனைவி பாஞ்சாலை மதியம் வந்தாள். நஷ்டஈடு கேட்க வழி பிறந்திருக்கிறது என்று அதிகாரி சொன்னாராம். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பணம் இரண்டு நாள் என் அலமாரியில் இருந்தது அவளுக்குத் தெரியாது. சொல்லத்தான் வேண்டும். இன்னும் தைரியம் வரவில்லை. எனக்காக ஜெபம் பண்ணு.

காலேஜில் பணம் கட்டத் தவணை கேட்டுப் பார். பங்குச் சாமியாரும் விசாரிக்கிறேன் என்றார், வாக்குக் கொடுக்கவில்லை. படிப்பு ஒரு வருஷம் நின்றுபோனாலும் போகட்டும். மனம் உடைந்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை அப்பா உனக்குப் போன் செய்வார். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கிளம்பும்போதே தனக்குள் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டார். அந்த வார்த்தையை அவர் சொல்ல விடாதே, கண்ணு. நீ முந்திக்கொண்டு, சாப்பிட்டீங்களாப்பா என்று கேள்.

ஆண்டவர் உன் கூடவே இருப்பார்.

உன் அம்மா,
அந்தோனியம்மாள்