கால் காலாய்க் குறையும் மாத்திரை

உப்பளம்,
நவம்பர் 2

அன்பு மகள் லமீஸுக்கு,

அத்தா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் நலம். திருப்பூரில் உனக்கு வேலை எப்படி இருக்கிறது? போனில் என் குரல் கேட்டாலே நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

மூன்று வருடத்துக்கு முன் பிள்ளைச்சாவடி வளைவில் என் பஸ்ஸுக்குக் குறுக்கே ஒரு பைக் வந்ததும், பிரேக் பிடித்ததில் யாருக்கும் காயமில்லை என்பதும் உனக்குத் தெரியும். மறுநாள் முதல் ஸ்டியரிங்கைப் பிடித்தாலே நெஞ்சு படபடத்ததை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு டாக்டர் பதினைந்து நாளைக்கு மாத்திரை எழுதினார். நிம்மதியாக இருந்தது. திரும்ப அவரிடம் போகவில்லை. பழைய சீட்டைக் காட்டியே கடையில் வாங்கினேன். நாளுக்குப் பாதி மாத்திரை என்றிருந்தது போகப்போக இரண்டானது. அதைப் போட்டுக்கொண்டு அத்தனை உயிர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டினேனே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

பெருநாள் லீவில் வந்தபோது ரேஷன் கார்டு டப்பாவில் அந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டாய். "இத விட்டாத்தான் நான் இந்த வூட்டுக்கு வருவேன்" என்றாய். அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூன்றாம் நாள் டீக்கடையில் வலிப்பு வந்து விழுந்தேன். அன்று முதல் நீ என்னிடம் பேசவில்லை. கோபமென்றுதான் நினைத்திருந்தேன். உன்னால்தான் நான் விழுந்தேன் என்று நினைத்து நீ அழுவதாக அம்மா போன வாரம்தான் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பூர்ணிமா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இது கெட்ட பழக்கம் இல்லிங்க. ஒடம்பு இந்த மருந்துக்குப் பழகிடுச்சு. ஒரேயடியா நிறுத்துனா உயிருக்கே ஆபத்து. விடணும்னு நெனச்சது சரி, விட்ட விதம்தான் தப்பு." விட நினைக்கவைத்தது நீதானே, கண்ணு. யாரையும் கேட்காமல் கொட்டியது நான்.

ஏழு மாதமாக அவர் சொல்கிறபடி கால் கால் மாத்திரையாகக் குறைக்கிறோம். மாத்திரை அட்டை அம்மாவிடம்தான் இருக்கிறது, அவள்தான் எடுத்துத் தருவாள். ஆகஸ்டில் காதில் ஒரே இரைச்சல், தூக்கமில்லை, அம்மாவிடம் சோற்றுக்கெல்லாம் சண்டை போட்டேன். அவளுக்குத் தெரியாமல் கடையில் ஒரு அட்டை வாங்கி, ஒரு வாரம் கூடுதலாகப் போட்டேன். மறைக்க முடியாமல் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பயந்தேன். "அவசரமே இல்ல பாய், இந்த மாசம் கொறைக்க வேணாம், இதே அளவுல இருங்க" என்றார். அவ்வளவுதான். இப்போது அரை மாத்திரையில் நிற்கிறேன்.

ஓட்டுவதை விட்டுவிட்டேன். முதலாளியிடம் நானே போய் உண்மையைச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் நேரம் குறிக்கிற வேலை தந்திருக்கிறார். வெயில்தான் கொஞ்சம் அதிகம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அம்மாவும் நானும் காலாப்பட்டுக்கு பஸ் ஏறினோம். மூன்று வருடத்தில் முதல் தடவை பயணியாக அந்த ரோட்டில் போகிறேன். பிள்ளைச்சாவடியில் நெஞ்சு அடித்துக்கொண்டது. எறங்கிடலாமா என்று அம்மா கேட்டாள். "காலாப்பட்டு வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டேனே நிஷா" என்றேன். சிரித்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் படபடப்பு தானாக அடங்கியது. மாத்திரை போடாமலே அடங்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வங்கணை மீன் வாங்கிக்கொண்டு வந்தோம். அம்மா குழம்பில் உப்பைக் கூட்டிவிட்டாள். நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

முழுதாக விட இன்னும் சில மாதம் ஆகலாம். ஆகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா பேசும்போது போனை என்னிடம் தருவாள். வைத்துவிடாதே. பழைய கதை எதுவும் பேசமாட்டேன். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பேன். நீ "ம்" என்றால் போதும்.

அல்லாஹ் உன் மனதை லேசாக்குவானாக.

உனக்காகத் தினமும் துஆ செய்யும்
அத்தா,
அக்பர் அலி