சீதாலக்ஷ்மியின் ஹஸ்பெண்ட்

விமானத் தளம்,
3-8-1944

சௌபாக்கியவதி சீதாவுக்கு அநேக ஆசீர்வாதம்.

நான் சௌக்கியம். எந்த ஊர் என்று எழுதினால் தணிக்கைக்காரர் மை பூசிவிடுவார். டகோட்டா விமானத்தில் பயிற்சி நடக்கிறது. கதவைக் கழற்றிவிட்டுப் பறக்கிறோம்; மணி அடித்ததும் காட்டிலிருக்கும் சிப்பாய்களுக்கான அரிசி மூட்டைகளைக் காலால் உதைத்துக் கீழே தள்ள வேண்டும். பயப்படாதே, இடுப்பில் வார் கட்டியிருக்கும்.

உன்னைக் கேட்காமல் பட்டாளத்தில் சேர்ந்தேன் என்று ஸ்டேஷனுக்குக்கூட நீ வரவில்லை. அது இன்னும் மனசை அறுக்கிறது.

அடுத்த மாதம் எங்கள் கோஷ்டி பர்மா எல்லைக்குப் போகிறது. புதியவர்களைப் பழக்க ஒருவரை இங்கேயே நிறுத்துவார்கள்; என்னைக் கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். நீ ‘இருங்கள்’ என்று ஒரு வரி எழுதினால் இருந்துவிடுவேன்.

நாகேஸ்வரன்

கரமனை,
10-8-1944

அநேக நமஸ்காரம்.

இருங்கள், இருங்கள், இருங்கள். போதுமா? ஒரு வரி கேட்கிறாராம், பெரிய மனுஷர்! ஸ்டேஷனுக்கு வராதது கோபத்தால் இல்லை. வந்திருந்தால் பிளாட்பாரத்திலேயே அழுது உங்கள் மானத்தை வாங்கியிருப்பேன். சங்குமுகம் பக்கம் விமானச் சத்தம் கேட்டால் போட்டது போட்டபடி கொல்லைக்கு ஓடுகிறேன். நேற்று ரசம் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது.

உங்கள் அப்பா திருநெல்வேலிக்குப் போயிருக்கிறார். உறையில் விலாசம் எழுத ஆளில்லை. உங்கள் பெயரை நான் எழுதலாமா? ஆயுசு குறையும் என்பார்களே. உங்கள் பட்டாள நம்பரை மட்டும் போட்டால் கைதிக்கு எழுதுவது போல இருக்கிறது. அதனால் ‘கரமனை சீதாலக்ஷ்மியின் ஹஸ்பெண்ட், விமானத் தளம்’ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். அங்கே உங்களைத் தெரியாதவர்கள் உண்டா என்ன?

சீதா

விமானத் தளம்,
6-9-1944

என் அசட்டு சீதாவுக்கு,

மாதக் கடைசி வரை தபாலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. நான் உனக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்து, போகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் இடத்தில் எங்கள் கோஷ்டி ஆள் வேதமாணிக்கத்தை நிறுத்திவிட்டார்கள்.

நேற்று ஒரு சார்ஜெண்ட், ‘சீதாலக்ஷ்மியின் ஹஸ்பெண்ட் யார்?’ என்று கொட்டகை கொட்டகையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். உன் உறை வேறு இரண்டு தளங்களைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படித்த பிறகு தனியாகப் போய் அழுதேன். அதிகாரியைக் கெஞ்சிப் பார்த்தேன். இனி மாற்ற முடியாது என்றார். நாளை புறப்படுகிறோம்.

பழைய நம்பருக்கே எழுது, அனுப்பி வைப்பார்கள். பெயரையும் எழுது சீதா. பர்மாக் காட்டில் யாருடைய ஹஸ்பெண்ட் என்று ஒருவரும் தேட மாட்டார்கள்.

நாகேஸ்வரன்

கரமனை,
14-9-1944

நாகேஸ்வரனுக்கு,

எழுதிவிட்டேன். முதல் உறையில் மை கொட்டிவிட்டது. இது வேறு உறை; பெயர், நம்பர் எல்லாம் இருக்கிறது. என் அசட்டுத்தனத்தால் நீங்கள் போகும்படி ஆகிவிட்டதே என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

இன்று காலை பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, அர்ச்சனைக்கு நின்றேன். எப்போதும் உங்கள் அப்பாதான் பெயர் சொல்வார். தனியாகப் போனால் நான் நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு நிற்பேன். பூசை செய்யும் போற்றி, “பேரு பறயணும், அம்மா” என்றார்.

உரக்கச் சொன்னேன். பக்கத்தில் நின்ற அடுத்தாத்து விஜயலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திக்கொள்ளட்டும். இன்னொரு தடவையும் சொன்னேன். பிள்ளையாரும் யாருடைய ஹஸ்பெண்ட் என்று தேடி அலையக் கூடாதே.

உங்கள்
சீதா