இரண்டு கரண்டி மைதா

பிப்ரவரி 4, ஞாயிறு

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் முன்பே கணித்துவிட்டேன். நேற்று டாக்டர் பரிசோதனைத் தாளைப் புரட்டும்போதே, "கோதுமைதானே சார்?" என்றேன். மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். கோதுமை, பார்லி இரண்டும் என் குடலுக்குப் பகை. ரொட்டி, பன், பிஸ்கட் கிடையாது. பியரும் பார்லிதானாம், அதுவும் போச்சு. ஆயுசுக்கும்.

காலையில் ஓட்டக் குழுவில் சொன்னேன். லட்சத்தில் ஒரு குடல், மருத்துவ மாணவர்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டிய குடல் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். அவர் வாயால் சொல்லவில்லை. முகத்தில் இருந்தது.

என் மனைவியின் தம்பி ஓடிக்கொண்டே சிரித்தான். கேன்டீன் சமையல்காரன், பேச்சுக்குக் குறைச்சலில்லை. "போன வருஷம் இதயம் வலப்பக்கம் இருக்குன்னீங்க. இந்த வருஷம் குடலா மாமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். இதயம் சும்மா சொன்னது. ஆனால் இது அப்படி இல்லையே.

மார்ச் 3, ஞாயிறு

ஒரு மாதம். வயிறு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. பாலத்து ஏற்றத்தில் இன்று எல்லாரையும் தாண்டினேன், கால் தரையில் பட்டதா என்றே சந்தேகம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுப் போனது. பதினைந்து வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் வேலை. அப்படிப்பட்ட ஆள் இந்த வயதில் இப்படி ஓடுகிறான் என்றால் சும்மாவா?

வீட்டில் மனைவி உருளைக்கிழங்கை மிளகு போட்டு வறுத்தாள், முட்டை இரண்டு, அரிசி மாவில் தட்டையாக ஏதோ சுட்டுத் தேன் ஊற்றித் தந்தாள். ராஜாவுக்குக்கூடக் கிடைக்காது. சாயங்காலம் பியருக்குப் பதில் ஆப்பிள் மது, அரை டம்ளர். பியரை யார் தேடினார்கள்?

தேடினேன். எழுதுவதற்கென்ன.

மார்ச் 10, ஞாயிறு

ஓடி முடித்ததும் பேக்கரி மேசை. எனக்குக் கடுங்காப்பி, வீட்டிலிருந்து கொண்டுபோன அவித்த முட்டை. மைத்துனன் பன்னைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: "தள்ளி உக்காருங்கப்பா. மாமாவுக்குக் காத்து பட்டாலும் ஆகாதாம்."

நிஜமாகவே தள்ளி உட்கார்ந்தார்கள்.

மார்ச் 23, சனி

நாளை பெரிய ஓட்டம். இன்று சாயங்காலம் மைத்துனன் எங்கள் வீட்டிலேயே குழுவுக்கெல்லாம் சமைத்தான். சோறு, கோழி சூப்.

"உங்களுக்காகவே கோதுமை வாசமே இல்லாம பண்ணியிருக்கேன் மாமா, பயப்படாம குடிங்க."

மூன்று கிண்ணம் குடித்தேன். என்ன கெட்டி, என்ன வழவழப்பு. கைப்பக்குவம் என்றால் அவன்தான். சூப்புக்கு ஒரு மெடல் உண்டென்றால் உனக்குத்தான்டா என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

மார்ச் 24, ஞாயிறு

பாலம் வரைக்கும்கூடப் போகவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. அன்று துணி எல்லாம் பாழ். ஒரு பெட்டிக்கடைக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தேன். குழு என்னைத் தாண்டி ஓடியது. யாரோ "மாமா, நாடகம் போதும், எழுந்திரிங்க" என்றார்கள். மனைவி துண்டோடு வந்து கூட்டிப்போனாள்.

நேற்று அவளிடம் அவனே சொல்லியிருக்கிறான். "மைதா ரெண்டு கரண்டி கரைச்சு ஊத்தினேன்க்கா. எல்லாம் மனசுதான்னு காட்டலாம்னு பார்த்தேன். ஓடி முடிச்சதும் சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன். அவர் சொல்றதுல எதைன்னு நம்புறது?"

மைதாவை மன்னித்தாலும் மன்னிப்பேன். கடைசியில் சொன்னானே, அதை —

ஏன்டா, நான் ஆயிரம் அளந்திருக்கேன், இல்லைங்கல. யார் குடியைக் கெடுத்தேன்? ஒண்ணே ஒண்ணு நிஜமா இருக்கக் கூடாதா?

மார்ச் 29, வெள்ளி

வேலைக்குப் போனேன். லிஃப்ட் கூரைமேல் ஏற இன்னும் தெம்பில்லை. அவன் ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

ஏப்ரல் 3, புதன்

வந்தான்! நல்ல மழை. குடைகூட இல்லாமல் வாசலில் நின்றான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னுதுதான் மாமா. உங்களை நம்பியிருக்கணும்" என்றான். கண்ணில் தண்ணீர். நான் பெரிய மனசு பண்ணி, "விடுடா, உள்ளே வா" என்றேன். துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மெதுவாக நடந்துதான் போனேன். மைத்துனன் வரவில்லை. மழை, வாசல், அவன் கண்ணீர், எல்லாம் குழுவில் சொன்னேன். எங்களோடு ஓடும் கண்ணாடிக்கடைக்காரர் உருகிப்போனார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்று பேக்கரி மேசைக்கு அவன் வந்தான். கண்ணாடிக்கடைக்காரர் அவன் தோளைத் தட்டினார். "மழையில வந்து மாமா கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டியாமே. யாருக்குப்பா வரும் அந்த மனசு?"

அவன் என்னைப் பார்த்தான். இல்லை என்று சொல்லப்போகிறான், என் மானம் போகப்போகிறது என்று நினைத்தேன். போனால் போகட்டும், அதைச் சாக்கிட்டாவது நடந்ததைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன்.

அவன் பன்னை மென்று விழுங்கினான். "ஆமாண்ணே. மாமாதானே, கேட்டா குறைஞ்சா போயிடுவேன்?" என்றான்.

எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள். நடு நாற்காலியை இழுத்துப்போட்டார்கள். அவன் என் பக்கம் கை நீட்டினான், விரலெல்லாம் பன் தூள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுத்தேன். குழாயடியில் போய் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அப்படியே வீட்டுக்கு நடந்தேன்.

மூன்றாம் தேதி மழையே இல்லை. அவன் வரவும் இல்லை. அத்தனையும் நான் கட்டியது. இனி நானே போய் இல்லை என்றாலும் ஒருத்தரும் நம்பப்போவதில்லை.