உன் பேரில் அரைத்த மிளகாய்

கண்ணுக்கு,

தேர்தல் நோட்டீசில் உன் படம் நன்றாக வந்திருக்கிறது. கறுப்புக் கோட்டில் பார்த்ததைவிட இந்தக் கதர்ச் சேலையில் பெரிய மனுஷியாகத் தெரிகிறாய்.

நீ ஜெயிக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ள ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனேன். அநியாயம் செய்தவர்கள் பேரைச் சொல்லி மிளகாய் அரைக்கும் இடத்தில் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். தனபாலின் கார் மோதிச் செத்தானே, அந்தப் பையனின் அம்மா. வண்டியை ஓட்டியது தனபால் இல்லை, டிரைவர்தான் என்று வாதாடி நீ ஜெயித்த கேஸ். இன்று உன் பிரச்சார ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறவன் அந்தத் தனபால்தான்.

என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். "வாங்க. உங்க புள்ளை பேரைச் சொல்லித்தானுங்க அரைக்கிறேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"தனபால் பேரைச் சொல்லலாமுல்லீங்க?" என்றேன். மண்டியில் பேரம் பேசிப் பழகிய வாய் எனக்கு.

"அவன் குடிச்சுப்போட்டு ஓட்டுனானுங்க. உங்க புள்ளை தெளிவா இருந்துதானுங்க பேசுச்சு."

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். "கை ஓயுதுங்க, கல்லுல கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றாள்.

ஊற்றினேன் கண்ணு. வேண்ட வந்ததை வேண்டாமலே திரும்பிவிட்டேன்.

அன்றிலிருந்து உன் போனை எடுக்கவில்லை. ஓட்டியது யாரென்று என் வாய் கேட்டுவிடும். என்னிடம் நீ பொய் சொல்லமாட்டாயோ என்று பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா