முழங்கால் தண்ணீரில் நான்கு நாள்

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் அடையாள அட்டையைத் தேடிப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் கையை விட்டேன். விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால், நீ கட்டிய தூண்டில் முள். இளஞ்சிவப்பு நூல், வெள்ளை மயிர், இரண்டு குட்டி உலோகக் கண்கள். முள்ளின் வளைவில் துரு ஏறியிருந்தது. பக்கத்து சீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, "என்னண்ணா அது, பூச்சியா?" என்றான். "றால்" என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்து மறுபடி தூங்கப் போய்விட்டான்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இதை எழுதி எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியாது. ஆனால் மதியம் வரை விரல் வலித்துக்கொண்டே இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து கால் கழுவி உட்கார்ந்ததும் எழுத வேண்டும் போல் இருந்தது.

மத்திகிரியில் வரிசை வீட்டில் ஒரே அறையில் நாம் பாய் விரித்தபோது நம் இருவருக்கும் இருபத்தொரு வயது. நீ கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நான் போச்சம்பள்ளிக்கு அப்பால், கேழ்வரகும் கடலையும் போடுகிற ஊர். உனக்குக் கிரைண்டிங் மெஷின், எனக்கு இன்ஸ்பெக்ஷன் மேஜை. நீ தேய்த்து அனுப்புவதில் கீறல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பது என் வேலை. "நான் செய்யறேன், நீ கொற சொல்ற. இதுக்கு ரெண்டு பேருக்கும் சம்பளம்" என்பாய்.

மீன் பைத்தியம் உனக்குப் பிடித்தது அந்த வெளிநாட்டு இன்ஜினியரால்தான். புது மெஷினை நிறுவ வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைக் கெலவரப்பள்ளி அணைக்கு பைக்கில் கூட்டிப் போகும் வேலையை உன் தலையில் கட்டினார்கள். அவர் புழுவும் போடவில்லை, மாவும் உருட்டவில்லை. இறகும் நூலும் கட்டிய முள்ளைக் கனத்த கயிற்றின் நுனியில் வைத்து, காற்றில் முன்னும் பின்னும் வீசி, தண்ணீர் மேல் இறக்கினார். ஊருக்குப் போகும்போது ஒரு பழைய கோலை உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். போன்ஃபிஷ் என்கிற மீனைப் பற்றி உனக்குச் சொன்னவரும் அவர்தான். வெப்பக் கடல்களில், முழங்கால் ஆழத்து மணல் திட்டுகளில் மேயவரும் மீன். உடம்பு கண்ணாடி போல் இருப்பதால் எதிரில் நின்றாலும் தெரியாது. மாட்டினால் நூறு மீட்டர் கயிற்றை ஒரே மூச்சில் இழுத்துக்கொண்டு ஓடும். சாப்பிடுவதற்கு இல்லை, வெறும் முள். பிடித்து, பார்த்து, விட்டுவிட வேண்டும்.

"விட்டுர்றதுக்கு எதுக்குடா புடிக்கணும்?" என்று கேட்டேன்.

"நீ ஒரு தடவ இந்தக் கோலப் புடிச்சுப் பாரு, அப்பறம் கேளு" என்றாய். நான் பிடிக்கவில்லை. எனக்கு அதில் ஆசையே வரவில்லை. அதை நீ தப்பாக எடுத்துக்கொண்டதும் இல்லை.

அணையில் ஜிலேபி மீன்களை இழுத்துப் பழகினாய். முள் கட்டுவதற்கு வெள்ளை மயிர் வேண்டும் என்று பால்காரரிடம் கெஞ்சிக் கன்றுக்குட்டியின் வால் நுனியைக் கத்தரித்து வந்தாய். சாவிச் சங்கிலியின் மணிகளை வெட்டிக் கண் வைத்தாய். நூல், நீ கட்டிக்கொண்டு வந்த ஸ்டெல்லாவின் தையல் பெட்டியிலிருந்து. அவள் திட்டுவாள், நீ சிரிப்பாய். "இங்கிலீஷ்ல இதுக்குப் பேருதான் ஈ. நான் கட்டறது றால் மாதிரி" என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் வேறு.

அப்புறம் சர்க்கரை உன் கண்ணில் இறங்கியது. முதலில் மைக்ரோமீட்டரில் கோடு தெரியவில்லை என்றாய். லேசர் வைத்தார்கள். ஸ்டோருக்கு மாற்றினார்கள். பைக்கை விற்றாய். கைக்கெட்டும் தூரம் தெரியும், அதற்கு மேல் எல்லாம் புகை, நடுவில் கறுப்புத் திட்டு. ஒரு நாள் கேன்டீனில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாய்.

"முழுசாப் போறதுக்குள்ள ஒரு தடவ லட்சத்தீவு போயிட்டு வந்துரலாம்டா. அங்க அந்த மீனு இருக்குது. நான் வீசிருவேன். எங்க வீசணும்னு நீ சொல்லு, போதும்."

"எனக்கு மீனப் பத்தி என்னடா தெரியும்?"

"நீ மீனப் புடிக்க வேணாம். பாரு. கம்பெனியில வருசக் கணக்கா அதத்தான பண்ணிட்டு இருக்க?"

மாட்டேன் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

கிளம்புவதற்கு முந்தின இரண்டு மாதமும் ஞாயிறு காலையில், லாரி நிறுத்துகிற காலி இடத்தில் பழகினோம். நீ பார்க்கிற திசை பன்னிரண்டு மணி. நான் ஒரு பெயின்ட் டப்பா மூடியைத் தூரத்தில் வைத்துவிட்டு வந்து, "ரெண்டு மணி, நாப்பது அடி" என்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டே வீசுவாய். நுனியில் கட்டிய கம்பளித் துண்டு மூடிக்குப் பக்கத்தில் போய் விழும். வாட்ச்மேன் வந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன் சார், இல்லி மீனு சிகுத்தா?" என்றார், இங்கே மீன் சிக்குமா என்று. இன்னும் சிக்கவில்லை, வரும் என்று நீயும் அவர் கன்னடத்திலேயே சொன்னாய். "இன்னூ இல்லா. பர்த்தே." மூன்று பேரும் சிரித்தோம். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

லீவு சேர்ப்பதற்காக நான் மூன்று வாரம் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்தேன். உனக்குத் தெரியாது, சொல்லவில்லை. வருஷக்கணக்காக நின்று நின்று இடது முட்டி ஏற்கெனவே வீங்கிக் கிடந்தது. கொச்சியில் கப்பல் ஏறும்போதே நான் களைத்துப்போய்தான் இருந்தேன்.

தீவில் நமக்கு நான்கு நாள். கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் தண்ணீர், அடியில் வெள்ளை மணல், அங்கங்கே பவளப் பாறை. அழகு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மேலிருந்தும் வெயில், கீழிருந்தும் வெயில். மணல் ஒவ்வொரு அடிக்கும் காலை உள்ளே இழுத்தது. படகுக்காரர் முதல் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: "மீனெ நோக்கண்டா. நிழலு நோக்கியால் மதி." மீனைப் பார்க்காதே, மணலில் ஓடும் அதன் நிழலைப் பார்த்தால் போதும் என்று. முதல் நாள் நான் காட்டியதெல்லாம் கல், பாசி, ஒரு திருக்கை. நீ அத்தனைக்கும் வீசினாய். ஒரு முறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் எனக்கு நிழல் பிடிபட்டது.

"டேய், பதினோரு மணி. அம்பது அடி. இடது பக்கமாப் போகுது."

"முன்னாடி வுடட்டுமா?"

"ரெண்டடி முன்னாடி. வீசு."

றால் சத்தமில்லாமல் இறங்கியது. நிழல் நின்றது. "இழு. நில்லு. இப்ப இழு" என்றேன். கயிறு விறைத்தது. அடுத்த நொடி கோலில் கயிறு சுற்றிய உருளை கத்தியது. அப்படி ஒரு சத்தத்தை நான் எந்த மெஷினிலும் கேட்டதில்லை. நீ சிரித்தாய். "எங்கடா போகுது? எங்கடா போகுது?" என்று கத்தினாய். "கடலுக்குப் போகுதுடா, ரொம்ப தூரம்" என்றேன். பிறகு திடீரென்று எல்லாம் தளர்ந்துவிட்டது. பவளத்தில் உரசி அறுந்திருக்கிறது. நீ பொறுமையாகச் சுற்றி எடுத்து, நுனியை விரலால் தடவிப் பார்த்தாய்.

"போச்சு" என்றாய். அடுத்த முள்ளைக் கட்டிக்கொண்டே, "ஒண்ண மட்டும் கையில தொட்டுப் பாத்துட்டா போதும்டா" என்றாய்.

மூன்றாம் நாள் காற்றும் மேகமும். தண்ணீருக்குள் எதுவுமே தெரியவில்லை. ஆனாலும் விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை நின்றோம். "எதாச்சும் தெரியுதா?" என்று நீ கேட்பாய். "இல்ல" என்பேன். பத்து அடி நடப்போம். "எதாச்சும் தெரியுதா?" அந்தக் கேள்வி என் மண்டைக்குள் ஆணி மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. பார்வை இல்லாதவனுக்கு அதைத் தவிர என்ன கேட்க முடியும்? எனக்கு அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் எரிச்சல் வந்தது.

கடைசி நாள் சாயங்காலம். படகுக்காரர் தூரத்தில் மணல் திட்டில் படகைத் திருப்பி வைத்துக்கொண்டு கையை ஆட்டினார். தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது. என் முட்டி மடங்கவில்லை. உதடு வெடித்துவிட்டது. உட்கார வேண்டும், அது ஒன்றுதான் மனதில். அப்போது உன் இடது பக்கம், முப்பது அடிகூட இருக்காது, தண்ணீருக்கு மேலே இரண்டு வால்கள் தெரிந்தன. நிழல் இல்லை, வாலே. தலையை மணலில் குத்தி இரை தோண்டிக்கொண்டு, வால் நுனியை வெளியே நீட்டி, சாயங்கால வெயிலில் வெள்ளித் தகடு போல் அசைத்துக்கொண்டு, இரண்டு மீன்கள். எதுவும் தெரியாத ஒருவன்கூடப் பார்த்துவிடலாம். அவை எங்கும் ஓடவும் இல்லை.

நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டாய், "எதாச்சும் தெரியுதா?"

"ஒண்ணுமில்லடா. போலாம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று அதற்குப் பிறகு எவ்வளவோ யோசித்துவிட்டேன். உன் மேல் கோபம் இல்லை. சொன்னால் நீ வீசுவாய், தப்பும், அவை நகரும், பின்னால் போவோம், இன்னும் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். நான் களைத்திருந்தேன். தேடிப் பார்த்ததில் இதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை.

நீ உடனே நம்பினாய். "சரி, போதும். வந்து நின்னமே" என்று கயிற்றைச் சுற்றினாய். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். நான் ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அவை இன்னும் மேய்ந்துகொண்டிருந்தன.

ஊர் வந்த பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஆறு மாதத்தில் கண் முழுசாகப் போனது. பிறகு சிறுநீரகம். வாரத்துக்கு இரண்டு நாள் கிருஷ்ணகிரியில் டயாலிசிஸ். ஷிப்ட் இல்லாத நாளில் நான் கூட வருவேன். அப்படி ஒரு நாள் சூளகிரி தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நீ கேட்டாய்.

"கடசி நாளு சாயங்காலம், நெசமாவே ஒண்ணுமில்லயாடா?"

"இல்லடா. ஏன்?"

"சும்மாதான். அப்ப உன் கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு."

"வெயில்ரா" என்றேன்.

"ஆமா, வெயில்தான்" என்றாய்.

அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஒரு திங்கட்கிழமை, ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய் என்று ஸ்டெல்லா போன் செய்தாள். நான் இன்ஸ்பெக்ஷன் மேஜையில் இருந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நாற்பதாம் நாள் பூசைக்கு வந்திருந்தேன். எல்லோரும் போன பிறகு ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அவள் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தீவுக்குப் போயிட்டு வந்ததத்தாண்ணா கடசி வரைக்கும் பேசிட்டு இருந்தாரு. டயாலிசிஸ்ல பக்கத்துப் பெட்டுக்காரங்ககிட்டக்கூட. 'நான் எங்க பாத்தேன், என் கூட்டாளி பாத்தான். அவன் கண்ணால நாலு நாளு கடலப் பாத்தேன்'னு சொல்வாரு."

வாய் வரைக்கும் வந்தது. காபியைக் குடித்தேன். "சக்கர பத்தலயாண்ணா?" என்று கேட்டாள். "சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

இப்போதும் முதல் ஷிப்ட்தான். முட்டிக்குப் பெல்ட் போட்டிருக்கிறேன். பாதி நாள் நின்றுகொண்டே தூங்குகிறேன். என்னை நம்பி நீ உன் கண் இருந்த இடத்தில் என் கண்ணை வைத்தாய். அதில் விழுந்ததை நான் உன்னிடம் சேர்க்கவில்லை. இரண்டு முறை கேட்டாய், இரண்டு முறையும் சேர்க்கவில்லை. இருந்தன, அன்றைக்கு. இரண்டு. உனக்கு எட்டுகிற தூரம்தான். காற்றும் இல்லை, நீ வீசியிருந்தால் விழுந்திருக்கும். இவ்வளவு எழுதிய பிறகும் இந்த உலகத்தில் அந்த இரண்டு மீன்களைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.